கையில் சாவியைத் திணித்த மகனுக்கு

உன் அம்மா எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது போன வாரம் வந்த உன் கடிதத்திலேயே தெரிந்தது. மனக்கஷ்டத்தில் இருப்பவன் அவ்வளவு அழகாக வரி பிடித்து எழுத மாட்டான். நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் அதையும் விட்டுவிடுகிறேன். அப்பு, ராசா என்ற கொஞ்சலெல்லாம் இதில் வராது. கவரை நான் ஒட்டவில்லை. தபாலிலும் போடவில்லை. உன் தங்கை பஸ்சில் மதுரைக்கு வந்து உன் கையில் கொடுப்பாள். அவள் ஏற்கெனவே படித்துவிட்டாள். உன் அப்பாவும் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். உன் ரூமில் இருக்கிறவர்கள் கேட்டால் அவர்களுக்கும் கொடு. ஏழு வருஷமாக என்னைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது, இப்போது நான் பேசுவதும் எல்லார் காதிலும் விழட்டும்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், மறந்திருப்பாய். "அம்மா, நீ கோபப்படக் கூடாது. கல்யாணத்தன்று ஓமப்புகை, கூட்டம், மேளச்சத்தம் எதுவும் உனக்கு ஒத்துக்கொள்ளாது. நடுவில் உனக்கு அது வந்துவிட்டால் எல்லாருக்கும் சங்கடம். மணவறையில் சித்தி உன் இடத்தில் நின்று செய்யட்டும், நீ உள்ரூமில் ஃபேன் போட்டுப் படுத்துக்கொள். தேவாரத்துப் பெண் வீட்டாரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலையில் ஒரு தடவை பயந்ததில் வந்தது, பரம்பரை கிடையாது என்று சொன்னேன். பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள்." இதுதானே? 'அது' என்று எழுதியிருக்கிறாயே, எது? அந்த வார்த்தையை முழுசாக எழுத உன் பேனாவுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. நான் எழுதுகிறேன். வலிப்பு. எனக்கு வலிப்பு கிடையாது. ஒரு நாளும் வந்ததில்லை. இது எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நீ அதை எழுதினாய், அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உனக்கு மறந்துபோயிருந்தால் முதலிலிருந்து சொல்கிறேன். போடிமெட்டுக்கு மேலே உன் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த ஏலத்தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் நான் காய் எடுத்தேன். ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை, செடியின் தூரில் மண்ணோடு மண்ணாகச் சரம் விட்டுக் காய்க்கும். அதை எடுப்பவள் குந்திக்கொண்டே நகர வேண்டும், காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர வேண்டும். முதலாளியின் மனைவி என்று குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்க என்னால் முடியவில்லை, ஆளுக்குப் பற்றாக்குறை எப்போதும் இருந்தது. முப்பத்துநாலு வயதில் பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தேன். உன் அப்பாவிடம் சொன்னால், "வயசு ஆகுதுல்ல, அப்படித்தே இருக்கும்" என்பார். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு. அவருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. குளிக்கும்போது முதுகில் தண்ணீர் ஊற்றக்கூடக் கையைத் தூக்க முடியாமல் நான் நின்றதை உன் தங்கை பார்த்திருக்கிறாள். நீ பார்க்கவில்லை. நீ காலேஜில் சேர்ந்திருந்தாய், லீவுக்கு மலையேறி வருவாய், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சூடான காப்பி கேட்பாய்.

பக்கத்து எஸ்டேட் மருந்துக்கடையில் நர்சாக இருந்த லீலாம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கோட்டயத்துப் பக்கத்துப் பெண். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வாங்கப் போன இடத்தில் நான் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, "சேச்சி, நடுவேதனை கூடுதலோ?" என்றாள், இடுப்புவலி அதிகமோ என்று. அவளுடைய அப்பா களரி பழக்குகிறவராம். மாத்திரை கொடுக்கவில்லை, மருந்துக்கடையின் பின்னறையில் பாயை விரித்து என்னைப் படுக்கச் சொன்னாள். அவள் செய்து காட்டியது பூனை சோம்பல் முறித்துக்கொண்டே தன் வாலைப் பிடிப்பது மாதிரி இருந்தது. சொல்வதற்குத்தான் சிக்கல், செய்தால் எளிது. மல்லாந்து படுத்து, இடுப்பை மட்டும் இடது பக்கம் சாய்க்க வேண்டும். மேலே இருக்கிற வலது காலை முன்னால் நீட்டிவிட வேண்டும். கீழே இருக்கிற இடது காலைப் பின்பக்கம் மடக்கி, வலது கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு தோளைத் தரையை நோக்கி விட்டுவிட்டு, முகத்தை வலது பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முதுகு பின்னால் வளையும், இடுப்பு முறுக்கும், தொடை முழுக்க இழுக்கும். அப்படியே கிடக்க வேண்டும். "அனங்கருது சேச்சி" என்பாள், அசையக் கூடாது என்று. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவளிடம் கடிகாரம் இருந்தது, என்னிடம் இல்லையே. ரேடியோவில் இரண்டு பாட்டு ஓடுகிற நேரம் என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு அடுத்த பக்கம், இன்னும் இரண்டு பாட்டு.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே போவதைவிட வெளியே வருவதில்தான் கவனம் வேண்டும். பிடித்த பாதத்தை முதலில் விட வேண்டும், ஒரு மூச்சு, பிறகு மேல்காலை இழுத்துக்கொள்ள வேண்டும், இன்னொரு மூச்சு, கடைசியாகக் கீழ்க்கால். கால் மரத்துப்போயிருக்கும், முதுகுச் சதை நெகிழ்ந்து கிடக்கும், அந்த நேரத்தில் அவசரப்பட்டால் கெட்டது என்று. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள், கொஞ்ச நேரத்தில் உனக்குத் தேவைப்படும்.

மலையில் அந்த மழைக்காலத்தில் காய்ந்த தரை என்று ஒன்றுதான் இருந்தது, அது ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர். ஒரு ஈடு காய் காய்ந்து, அள்ளி மூட்டை கட்டி, அடுப்பையும் அணைத்த பிறகு அந்தத் தரை அரைநாளுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். மத்தியானம் பெண்கள் கஞ்சி குடிக்க உட்காரும்போது நான் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. சேலைக் கொசுவத்தைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிச் செருகிக்கொண்டு, டிரான்சிஸ்டரைச் சன்னமாக வைத்துக்கொண்டு படுப்பேன். முதல் பாட்டு முழுக்கச் சண்டைதான். தொடை கிழிகிற மாதிரி இருக்கும், விலா எலும்பு ஒவ்வொன்றும் கோபித்துக்கொள்ளும், எழுந்து போய்விடலாமா என்று நூறு தடவை தோன்றும். இரண்டாவது பாட்டு நடுவில் எங்கோ ஒரு இடம் விட்டுக்கொடுக்கும். அதற்குப் பிறகு மூச்சு நடுமுதுகு வரைக்கும் போய்வரும். வாய் தானாகத் திறந்துகொள்ளும், சாய்ந்த பக்கம் கடைவாயில் எச்சில்கூட வழியும். எனக்குத் தெரியும், துடைக்க மாட்டேன். காலையிலிருந்து ராத்திரி வரை யாராவது ஒருவருக்காகக் குனிந்துகொண்டே இருந்த உடம்பு, அந்த நேரத்தில் மட்டும் எனக்காக வளைந்தது. மூன்று மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், இல்லையென்றால் வேண்டாம் என்பார். இரண்டும் எனக்குத் தேவையில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. நீ லீவுக்கு வந்திருந்தாய். லோடு ஏற்ற ஜீப்பு வந்து நின்றது, சாக்கு எடுக்க நீ ஸ்டோர்க் கதவைத் திறந்தாய். நான் இரண்டாவது பாட்டில் கிடந்தேன். கண் மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது, உடம்பு திருகியிருந்தது, கை பின்னால் போய்க் காலைப் பிடித்திருந்தது. நீ போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "யப்பா! வெரசா வாங்க! அம்மாவுக்கு இழுத்துக்கிருச்சு!" நான் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லடா, சும்மா இரு" என்றேன். வாய் குழறியது உண்மைதான், தலை திரும்பிக் கிடந்தால் யாருக்கும் குழறும். நீ காதில் வாங்கவில்லை. "இரும்பு, இரும்பு, சாவியக் கொண்டா" என்று கத்திக்கொண்டே ஜீப்புச் சாவியைப் பிடுங்கிவந்து, என் பாதத்தைப் பிடித்திருந்த கையைப் பிய்த்தெடுத்து, அதில் சாவியைத் திணித்து, விரல்களை மடக்கி உன் கையால் அமுக்கினாய். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும், அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, மடங்கிக் கிடந்த என் காலை முட்டியால் அமுக்கி, கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பாக நேராக்கினாய். இடுப்புக்கு மேலே மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு உயிர் போகிற வலி. நான் அலறினேன். அந்த அலறலைக் கேட்டுத்தான் வாசலில் நின்ற பெண்களுக்கெல்லாம் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கிய வழியில் எல்லா வளைவிலும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய். அந்த அழுகையில் பொய் இல்லை. அதை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை, இன்றைக்கும் படவில்லை. பதினேழு வயதுப் பையன் பயந்துபோய்ச் செய்ததை எந்த அம்மாவும் மன்னித்துவிடுவாள், நானும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் மன்னித்துவிட்டேன். அங்கே டாக்டர் என்னைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். உன்னையும் உன் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டு, "வலிப்பெல்லாம் இல்லை. அவங்க உடற்பயிற்சி செஞ்சிட்டு இருந்திருக்காங்க. நீங்க இழுத்ததுல முதுகுச் சதை கிழிஞ்சிருக்கு" என்று தெளிவாகச் சொன்னார். நீ கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலின் இரும்புக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஆகவே உனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஜீப்புக்காரர் வழியாக ஊருக்குச் செய்தி போய்விட்டது. வாசலில் பத்துப் பெண்கள் நின்றார்கள். உன் அப்பா மெதுவாக என்னிடம் சொன்னார், "இப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, எம் பொஞ்சாதி ஸ்டோர்ல காலத் தூக்கிக்கிட்டுக் கெடந்தான்னு சொல்லச் சொல்றியா? வலிப்புன்னே இருந்துட்டுப் போகுது. நாலு நாள்ல மறந்துருவாங்க." நான் தலையாட்டினேன். இதுதான் என் தப்பு. உன்னைத் திட்டுகிற கடிதத்தில் என் தப்பை ஒளித்துவைக்க மாட்டேன். வேலை நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள் என்று தோட்டத்துப் பெண்கள் பேசுவார்களே என்று கூசினேன். சர்க்கஸ்காரி என்பார்களே என்று பயந்தேன். அதைவிட வியாதிக்காரி என்ற பெயர் மரியாதையாகத் தோன்றியது எனக்கு. அவ்வளவு மடச்சியாக இருந்திருக்கிறேன்.

நாலு நாளில் யாரும் மறக்கவில்லை. உனக்குத் தெரியாத சிலது சொல்கிறேன், நீ காலேஜிலும் பிறகு மதுரையில் உத்தியோகத்திலும் இருந்தாய். விசேஷ வீட்டுக்குப் போனால் என்னை அடுப்புப் பக்கம் விட மாட்டார்கள். கிணற்றடிக்குப் போனால் ஒரு பெண் பின்னாலேயே வருவாள். நான் ஒரு தடவை தும்மினேன், பக்கத்தில் இருந்தவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டாள். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த ஏழு வருஷத்தில் நம் சொந்தத்தில் பதினோரு குழந்தை பிறந்திருக்கிறது, ஒன்றைக்கூட ஒருத்தியும் என் கையில் கொடுக்கவில்லை. கையை நீட்டினால், "தூங்குறான் மதினி, எந்திரிச்சா அழுவான்" என்பார்கள். அது முழித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? கதை சொல்லிக்கொண்டிருந்தாய். "எம் மகன் மட்டும் அன்னைக்கு இல்லேன்னா இவ இல்ல" என்று உன் அப்பா யாரிடமோ சொல்வார், நீ மறுக்காமல் பக்கத்தில் நிற்பாய். பிறகு நீயே சொல்ல ஆரம்பித்தாய். தீபாவளிக்கு உன் சிநேகிதர்களைக் கூட்டிவந்தாயே, நான் அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டே கேட்டேன். வாயில் நுரை தள்ளியது என்றாய். நுரையா? நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் விரலை வைத்துத் தடுத்தேன் என்றாய். எந்த விரலை? அன்றைக்கு நான் வெளியே வந்து கரண்டியோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, என் பிள்ளையின் முகம் நாலு பேருக்கு முன்னால் சிறுத்துப்போகக் கூடாது என்று நினைத்தேன். அம்மாவைக் காப்பாற்றிய மகன் என்ற சட்டை உனக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது, அதைக் கழற்ற உனக்கு மனசில்லை. அம்மாவின் முதுகை முறித்த மகன் என்று யார்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அதையும் பொறுத்தேன். உன் தங்கைக்கு வந்த சம்பந்தம் கெட்டதே, அதைப் பொறுக்க என்னால் முடியவில்லை. கம்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், பையன் நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. பூ வைக்க நாள் குறித்தார்கள். மூன்றாம் நாள் சொல்லி அனுப்பினார்கள், அம்மாவுக்கு வலிப்பாமே, ரத்தத்தில் ஓடுகிற வியாதியாமே, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. நான் உனக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். முற்றத்தில் நின்றுகொண்டு, "நீ கம்பத்துக்குப் போ. டாக்டர் சொன்னதச் சொல்லு. நாந்தே இழுத்தேன், நாந்தே தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் வாயால சொன்னாத்தே நம்புவாங்க" என்றேன். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். "விடும்மா. இப்பப் போயிச் சொன்னா வியாதிய மறைக்கிறோம்னுதே நெனைப்பாக. அவளுக்கு வேற எடம் வராமயா போகும்?" என்றாய். நாலு மணி பஸ்சுக்குப் போய்விட்டாய். உன் தங்கை கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் உன்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை, கவனித்தாயா? மூன்று வருஷம் ஆகிறது. வேற இடம் வரவில்லை. உனக்கு மட்டும் வந்துவிட்டது, உத்தியோகக்கார மாப்பிள்ளையின் அம்மா எப்படி இருந்தால் என்ன. அதே வலிப்பு உனக்கு என்றால் பரம்பரை இல்லை, பயந்ததில் வந்தது, பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்வார்கள். உன் தங்கைக்கு என்றால் ரத்தம்.

உனக்குத் தெரியாத இன்னொன்று. நான் அதை விடவில்லை. சதை கூடி வர ஒரு வருஷம் ஆனது, பயம் போக இன்னொரு வருஷம். பிறகு மாடியறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். இடது பக்கம் நீ இழுத்த இடத்தில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது, அங்கே வந்ததும் நின்று, காத்திருந்து, அதற்குப் பிறகுதான் மேலே போக முடியும். முதல் பாட்டு முடிகிற வரைக்கும் தினமும் உன்னைத்தான் திட்டுவேன். வேறு எங்கேயும் அப்படித் திட்டியதில்லை, யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டே திட்டுவேன். இரண்டாவது பாட்டில் கோபம் தணிந்து உன் மேல் பாசம் வந்தது என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறாயா? வரவில்லை. முதுகுதான் இளகியது.

கல்யாணம் பண்ணப்போகிறவன் நீ, அம்மா என்ற முறையில் ஒரு புத்தி சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உன் பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தால், உனக்குப் புரியாத ஒரு கோணத்தில் கிடந்தால், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேள். அவள் பதில் சொன்னால் அந்தப் பதிலைக் காதில் வாங்கு. குழறினாலும் வாங்கு. அதுவரைக்கும் கையை வைக்காதே. தப்பித்தவறிக் கை வைத்து ஏதாவது ஆகிவிட்டால், தப்பு என்று அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் வரைக்கும் வைத்திருந்தால் அது பொய்யாகிவிடும், பிறகு அதைக் காப்பாற்றுவதே உனக்குச் சோலியாகிவிடும்.

உன் கடிதம் வந்த மறுநாள் நானும் உன் தங்கையும் தேவாரத்துக்குப் பஸ் ஏறினோம். உன் அப்பா, "எதுக்குப் பழசக் கிளறிக்கிட்டு" என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சம்பந்தி அம்மா நன்றாகத்தான் வரவேற்றாள். நாற்காலி போட்டாள், என்னைப் பார்த்துக்கொண்டே முற்றத்தில் எரிந்த விறகடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள், தவழ்ந்துகொண்டிருந்த பேரனைத் தூக்கி உள்ளே கொடுத்தாள். எனக்குப் பழகிப்போனதுதான். ஒரு பாய் வேண்டும் என்று கேட்டேன். மயக்கமாக வருகிறதா என்று பதறினாள். இல்லை, ஒன்று காட்ட வேண்டும் என்றேன். வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள், ஆம்பிளைகள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். நடுக்கூடத்தில் பாயை விரித்து, கொசுவத்தைச் செருகிக்கொண்டு, படுத்து, இடுப்பைச் சாய்த்து, காலை மடக்கி, கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டேன்.

சம்பந்தி அம்மா, "ஆத்தீ!" என்று சாவிக்கொத்தோடு ஓடிவந்தாள். நீ கட்டப்போகிற பெண்தான் குறுக்கே கையை நீட்டி, "இரும்மா. அவுக பேசுறாக, கேளு" என்றாள். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். இந்த வருஷம் வாழைக்குள் யானை இறங்கியதா என்று கேட்டேன். பின்பக்கத்து வாழை முழுவதும் போய்விட்டது என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி வெடி போட்டு விரட்டிய கதையைச் சொன்னாள். நான் அப்படியே திருகிக் கிடந்தபடி, "காப்பி போடுங்க மதினி, நான் எந்திரிக்கிறதுக்குள்ள ஆறிப்போகாது" என்றேன். ஒருத்தி சிரித்துவிட்டாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் பாய் ஓரத்தில் உட்கார்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதா அத்தே?" என்று கேட்டாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அன்றைக்கு நீகூட என்னிடம் கேட்காத கேள்வி அது. "அந்தப் பக்கம் வலிக்கும்த்தா. பாரு" என்று சொல்லிவிட்டு, நிதானமாகப் பிடியை விட்டு, மூச்சு விட்டு, புரண்டு, அடுத்த பக்கமும் செய்தேன். எழுந்து உட்கார்ந்து ஸ்டோரில் நடந்ததை, டாக்டர் சொன்னதை, நான் தலையாட்டியதை, கம்பத்துச் சம்பந்தம் போனதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். என் தப்பையும் விடாமல் சொன்னேன். உன் தங்கை ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள்.

சம்பந்தி அம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் பேரன் இருந்தான், அவனை என் மடியில் விட்டாள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஏழு வருஷத்தில் முதல் குழந்தை. அது பாட்டுக்கு என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள், "அத்தே, இது வலிப்பு இல்லேன்னு அவுகளுக்குத் தெரியுமா?"

உன்னைக் காப்பாற்ற எனக்கு ஒரு வார்த்தை போதும். தெரியாது, பாவம், சின்னப் பையன் என்று சொல்லியிருக்கலாம். ஏழு வருஷமாக அதைத்தானே செய்தேன். கதவோரம் நின்றிருந்த உன் தங்கையைப் பார்த்தேன். "தெரியும்த்தா. டாக்டர் சொன்னப்ப எங்கூடத்தே நின்னான்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னை அங்கே வரச் சொல்லியிருக்கிறாள். கம்பத்துக்காரர்களையும் தன் வீட்டார் வழியாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். எல்லார் முன்னாலும் அதே கேள்வியை உன்னிடம் கேட்பாளாம். நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு உண்மை தெரியும் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் பொய் சொல்வது இந்தத் தடவை கஷ்டம். சித்தியிடம் நான் சொல்லிவிட்டேன், அவள் மணவறைக்கு வரப்போவதில்லை. கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அங்கே உன் அம்மாவின் இடத்தில் நான்தான் நிற்பேன். மாப்பிள்ளையின் இடத்தில் நீ நிற்பாயா என்பதை அவள் ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வாள்.

இப்படிக்கு,
வலிப்பு இல்லாத உன் அம்மா